ஜெபிக்கத் தெரியாத அண்ணன்

எங்கள் அண்ணனைக் கர்த்தர் தம்மிடம் சேர்த்துக்கொண்டு ஓர் ஆண்டாகிறது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா திடீரென்று இறந்தபோது அந்த வேலையை வாங்க அண்ணனுக்கு வயது போதவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து நெமிலிச்சேரிக்கு வாடகைக்கு வந்தோம். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுப் பாடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அதை மூடிய பிறகு செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் அவர்தான்.

நான் லாரியில் கிளீனராக ஏறி ஹூப்ளி, புனே, சூரத் என்று சுற்றினேன். ஓட்டலில் தட்டு கழுவினேன், டைல்ஸ் ஒட்டினேன், பிளாட்பாரத்தில் படுத்தேன். நடுவில் கொஞ்ச காலம் ஓர் ஊழியக் குழுவோடு வேனில் போனேன். ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அங்கே.

நான் நன்றாக ஜெபிப்பேன். ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் முடிவு ஜெபம் எனக்குத்தான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் தாடி வளர்ப்பேன், பகலில் பச்சைத் தண்ணீர்தான். அண்ணனோ ஷிப்ட் காரணமாகப் பாதி ஞாயிறு ஆலயத்துக்கு வரமாட்டார். வந்தால் கடைசி பெஞ்சு. ஒருமுறை எங்கள் போதகர் ஐயர் அவரை ஜெபிக்கச் சொன்னபோது, "ஆண்டவரே, எல்லாம் உமக்குத் தெரியும், ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் வெளியே வந்ததும் என்னிடம், "உங்க அண்ணனுக்கு ஆவிக்குரிய ஜீவியம் கொஞ்சம் கம்மிதான் தம்பி" என்றார். எனக்கு உள்ளே இனித்தது.

அது நிலைக்கவில்லை. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டிய டேவிட் படுத்த படுக்கையாக இருந்தபோது, ஒருநாள் காலையில் அவர் மனைவி ஓடிவந்தார். நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீ இன்னாத்துக்குக் கெளம்புற தம்பி? அண்ணன் ஊட்ல இல்லியா?"

"நைட் டூட்டி முடிஞ்சு தூங்குறாரு. நான் வந்து ஜெபம் பண்றேன்க்கா."

"நீ பண்ணா பட்டாபிராம் வரிக்கும் கேக்கும். மனுசன் நிம்மதியா கண்ண மூட வேணாமா? அண்ணன எழுப்பு."

எழுப்பினேன். பின்னாலேயே போனேன். அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து டேவிட்டின் காலைப் பிடித்துக்கொண்டார். உதடுகூட அசையவில்லை. டேவிட் மெல்ல இரைப்பு அடங்கித் தூங்கிப்போனார். திரும்பும்போது கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட இன்னாண்ணே கேட்ட?"

"ஒன்னும் கேக்கலடா. அவரும் கூடவே உக்காந்துகினு இருந்தாரு. நான் இன்னாத்த கேக்கறது?"

பால் பாக்கெட் வாங்கிவந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டும், பட்டினி கிடந்தும் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது, பாதித் தூக்கத்தில் லுங்கியோடு எழுந்து போனவருக்குக் கிடைத்திருக்கிறது. அவரோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அந்த வாரமே லாரி ஏறினேன்.

வயிற்றில் புற்றுநோய் என்று அண்ணி போன் செய்தபோது சூரத்தில் இருந்தேன். வந்து சேர்ந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஜெபிக்கச் சொல்லி அண்ணன் என்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஊரே கேட்டிருக்கிறது, அவர் ஒருவர் கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை. ஒரு மத்தியானம், அண்ணி கஞ்சி வைக்கப் போயிருந்தபோது, நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ஜெபம் பண்ணட்டாண்ணே?"

"பண்ணு. உனக்குப் பண்ணிக்க. எனக்கு ஆச்சு."

கண்ணை மூடினேன். "பரலோகப் பிதாவே" என்பதற்கு மேல் வரவில்லை. வியாதிக்காரருக்கு, கல்யாணத்துக்கு, புது வீட்டுக்கு, பரீட்சைக்கு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வார்த்தை உண்டு. எனக்கென்று ஒன்றுகூட இல்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரமில்ல, மெதுவா பண்ணு" என்றார். மறுநாள் விடிந்ததும், அண்ணியின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடோன் நண்பர்களுக்கும், முன்பின் தெரியாதபோதும் இரத்தம் கொடுத்த எதிர் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும், கடைசிவரை வந்து துணி துவைத்துக் கொடுத்த, மறைந்த டேவிட்டின் மனைவிக்கும், அடக்க ஆராதனை நடத்திய ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த நினைவு ஆராதனையில் முடிவு ஜெபத்துக்கு ஐயர் என்னைக் கேட்டார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தாழ்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் இருந்தபோது அவர்மேல் பட்ட பொறாமையில் இந்த ஒரு வருடத்தில் துளியும் குறையவில்லை. அவருக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும். கிடைக்கும்வரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தம்பி