தம்பியின் படக்கூடத்தைக் கட்டியவன் எழுதுவது

அல்சூரில் மாடி வீடுகள் நான்கு. ஈஜிபுராவில் வாடகைக் குடித்தனங்கள் பதினொன்று. ஹெப்பகோடியில் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்று, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. இவை நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்த இஞ்சினியர்கள் தப்பாக வைத்த படிக்கட்டை இடித்து மாற்றி வைத்தவன். என் சுவர் எதிலும் இன்றுவரை ஈர ஓதம் ஏறியதில்லை. அடைமழையில் யார் வேண்டுமானாலும் போய்த் தடவிப் பார்க்கலாம். இந்த வரிசையில் கடைசியாக வருவது, மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் என் சொந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் படக்கூடம்.

தம்பியின் முதலாண்டு நினைவு மலரில் இந்த மனிதன் தன் பெருமையை ஏன் முதலில் எழுதுகிறான் என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். காரணம் இருக்கிறது. சொல்லாமல் விடப்போவதில்லை.

தம்பி பிறந்தது அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம், ஓடு வேய்ந்த ஒற்றை அறையில். என்னைவிட ஏழு வயது இளையவர். மூட்டை தூக்கிப் பிழைத்த அப்பா தவறியபோது தம்பிக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்பது. நான் கலவைச் சட்டி தூக்கப் போனேன். அந்தச் சட்டியைத் தூக்கித்தான் தம்பியைப் பத்தாவது வரை படிக்க வைத்தேன். அதன் பிறகு தம்பி என்னிடமே பெயின்டராகச் சேர்ந்தார். நான் எழுப்பிய சுவருக்கெல்லாம் பட்டி பார்த்து வண்ணம் அடித்தது அவர் கை. அவர் அடித்த சுவரில் ரோலர் போன தடம் தெரியாது. கோபம் தெரியாதவர். அடுத்தவர் வேலையில் குறை கண்டால் வாயால் சொல்ல மாட்டார், எடுத்துச் சரி செய்துவிட்டுப் போவார். எனக்கு நேர் எதிர் குணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சமான பெயின்ட்டை எடுத்துக்கொண்டு பிளைவுட் துண்டுகளில் படம் வரைவார். வாரத்தில் ஆறு நாள் அடித்தது போதாதா என்று திட்டியிருக்கிறேன். "அது உன் வேலைண்ணா, இது என் வேலை" என்பார்.

தம்பியைப் போலவே அக்கம்பக்கத்தில் சிலர் இருந்தார்கள். ஏரியை மட்டுமே வரையும் ஆட்டோக்காரர், வெட்டுத் துணியில் படம் தைக்கும் தையல்கார அம்மா, பழைய இரும்பைப் பறவையாக ஒட்டவைக்கும் ஹெப்பகோடித் தொழிலாளி, ஓய்வுபெற்ற நர்ஸ் நிர்மலா அம்மா. இவர்கள் படத்தை மாட்ட ஊரில் ஒரு சுவர் கிடைக்கவில்லை. பெரிய இடங்களுக்குப் போனால் முதலில் காலில் கிடக்கும் செருப்பைத்தான் பார்த்தார்களாம். என் கீழ்த்தளத்தில் மளிகை குடோன் காலியானபோது தம்பி வந்து கேட்டார். கொடுத்தேன்.

கொடுத்ததோடு நிற்கவில்லை. நடுச்சுவரை இடித்து பீம் போட்டேன். வெயில் படத்தின் மேல் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் இறங்க, வடக்குப் பக்கம் கூரைக்குக் கீழே நீளமாகத் திறப்பு வைத்தேன். படம் தொங்கவிடச் சுற்றிலும் இரும்புக் குழாய் ஓட்டினேன். எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. மத்தியான வேளையில் தம்பியோடு நின்று வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து நானே கண்டுபிடித்தது. பிறகு வந்த ஒரு கல்லூரி வாத்தியார் இதை யார் டிசைன் செய்தது என்று நிர்மலா அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னைக் காட்டவில்லை.

தம்பியும் இவர்களும் கமிட்டி அமைத்து வைத்த முதல் கண்காட்சிக்குச் சந்துக்காரர்கள் வந்து, என்ன கடை திறக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பி சளைக்கவில்லை. வருகிறவரை ஒவ்வொருவராக மற்றவர்கள் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். தன் படத்தைக் கழிப்பறைக் கதவுப் பக்கம் மாட்டியிருப்பார்.

வேலை நெருக்கத்தில் மூன்று வாரமாக அந்தப் பக்கமே போகாதவன், மூன்றாவது கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் கூடத்தைத் திறந்தேன். தெற்குச் சுவரில் மேல் மூலையிலிருந்து ஓதம். பழுப்பு மஞ்சளாக இறங்கி, நடுவில் பெயின்ட் உப்பி, அடியில் பச்சை படிந்து கிடக்கிறது. மறுநாள் ஐம்பது பேர் வருவார்கள். மேஸ்திரி சுவர் ஒழுகுகிறது என்று அல்சூர் முழுக்கச் சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்க்கவும் மனம் வராமல் வாசலிலிருந்தே என் பெயின்டர் முனிராஜுக்குப் போன் போட்டேன்.

முனிராஜு வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தான். "மேஸ்திரி, செவுரு காஞ்சிதான் கீது. சும்னே எதுக்கு சொரண்டறது?" என்றான்.

"மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரம் நிக்கும். எனக்கே சொல்லித் தர்றியா? சொரண்டு."

சுரண்டி, பட்டி பார்த்து, காற்றாடி வைத்துக் காயவிட்டு, இரண்டு கோட்டிங் வெள்ளை. சாயங்காலத்துக்குள் முடித்தோம். அழைப்பிதழ் கொடுத்துவிட்டுத் தம்பி வந்தார். சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"யாரு செஞ்சதுண்ணா?"

"நான்தான். ஓதம் எறங்கிடுச்சி. நீ கவலப்படாத, ஒரு சொட்டு தெரியாது."

தம்பி பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது ஓதம் இல்லண்ணா. படம். இருவது நாளா ராப்பகலா வரஞ்சது. நாம பொறந்த வூட்டு செவுரு, நெனப்பு இருக்கா? அம்மா பொடவ போட்டு மறைக்குமே."

எனக்கு நினைவிருந்தது. அந்தச் சுவர் ஓரம்தான் இருவரும் படுப்போம், காலையில் போர்வை நனைந்திருக்கும். அந்தச் சுவரின் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் நான் கொத்து வேலைக்கே போனேன். அதே சுவரை இந்த மனிதன் உட்கார்ந்து அழகு பார்த்து வரைந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டு வரையக் கூடாதாடா" என்றுதான் வந்தது.

மறுநாள் எல்லாரிடமும் தம்பியே சொன்னார்: "நாப்பது வருசம் செவுரு கட்னவரு எங்கண்ணன். அவரே நெசம்னு நம்பிட்டாரு. இதுக்கு மேல எனக்கு இன்னா பாராட்டு வேணும்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வாரமே நிர்மலா அம்மா, "மேஸ்திரி, சாவி இனி கமிட்டி கிட்ட இருக்கட்டுமே" என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் கட்டடம், என் கூடம், சாவி மட்டும் அவர்களிடம்.

தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டது அதற்கு அடுத்த வருடம். டயாலிசிஸுக்கு மாற்றி மாற்றி அழைத்துப்போன ஆட்டோக்காரருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நிர்மலா அம்மாவுக்கும், உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொடுத்த மாடி வீட்டுக் குடித்தனக்காரர்களுக்கும், படுக்கையில் திருப்பிப் படுக்கவைக்க ஓடி வந்த முனிராஜுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி வாரத்தில் தம்பி ஜன்னல் பக்கம் படுக்கையை நகர்த்தச் சொன்னார். வெள்ளைச் சுவரில் காலை வெயில் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு காலையில் அப்படியே போய்விட்டார்.

இப்போது முதலாண்டையொட்டிப் படக்கூடத்தில் தம்பியின் படங்களை வைக்கிறார்கள். வாசலில் புதுப் பலகையும் மாட்டப்போகிறார்கள். பலகையின் வாசகத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி உருவாக்கிய கூடம் என்று இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் பெயர் இருக்கிறது. நாற்காலி கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. இந்த மலருக்குத் தம்பி மகள் எழுதிய கட்டுரையிலோ, குடும்பத்தாரும் ஒத்துழைத்தனர் என்று ஒரே வரி. பீம் போட்டது ஒத்துழைப்பா? மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெரியப்பா, உங்க பேரு போட்டா அந்தச் செவுத்துக் கதையும் எழுதணும். எழுதலன்னா அப்பா கதையே முழுசா வராது. உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னு நாங்கதான் விட்டுட்டோம்" என்றாள்.

எனக்காக அசிங்கப்பட இவர்கள் யார்? தம்பி அதை வெளியே சொல்லிச் சிரித்தவர், ஒளித்தவர் அல்ல. நானும் ஒளிக்கப்போவதில்லை, இதோ மேலே எழுதிவிட்டேன். ஆகவே கமிட்டிக்கும் தம்பி மகளுக்கும் இந்த மலர் மூலமாகவே கேட்கிறேன். படம் வரைந்தது தம்பி, நடத்தியது தம்பி, நான் மறுக்கவில்லை. கூடத்தைக் கட்டியவன் அவர் அண்ணன் என்று பலகையில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அவருடைய மிக நல்ல படத்தை அழித்தவனும் அதே அண்ணன்தான் என்று எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் பலகையைப் பெரிதாகச் செய்யுங்கள்.