படத்தில் இல்லாத சாயந்தரம்

வேலாயி அழுததை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. புருஷன் செத்த அன்றும் அவள்தான் பந்தலுக்கு ஆள் அனுப்பினாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டாள். வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை வரை அவளிடம் விட்டுப் போவார்கள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள் என்று கொழுந்து மலையிலிருந்து இறக்கி, ஹட்டனுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்டையில் ஏதாவது சிக்கிய பிள்ளையை எப்படிக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டுவது, வயிற்றோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் கொடுப்பது, எல்லாம் அங்கே படித்தாள். ஆபத்து வரும் முன்பே அதை யோசித்து வை என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். அதையும் நன்றாகவே படித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், மழை விடாத நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, கீழ் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த மேடு இறங்கிக் கடைசி இரண்டு வீடுகளின் மேல் விழுந்தது. ஒரு வீட்டில் ஆள் இல்லை. மற்றதில் நான்கு வயது லோஜன் இருந்தான். கதவு வெளியே பூட்டியிருந்தது. அவன் தாய் சர்மிளா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கதவை உடைக்கப் போன நேரத்தில் இரண்டாவது தடவையும் மண் இறங்கி வீட்டை மூடிவிட்டது. பிள்ளை உயிரோடு கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து சர்மிளாவுக்கு 'பூட்டிட்டுப் போனவ' என்று பெயர். புருஷன் ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. மலையில் தேத்தண்ணி நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பூட்டச் சொன்னது வேலாயி. முதல் நாள் சாயந்தரம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவளிடம், "நாளைக்குக் காம்பரா இல்ல. எனக்குச் சீனி வருத்த கிளினிக். இவன் கான் பக்கமே ஓடுறான், தண்ணி வேற நெறைய வருது. உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போ. பன்னெண்டு மணிக்கு வந்து சோறு குடு" என்று சொன்னாள். கான் என்பது லயத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர் வழி. போன மழைக்கு ஒரு பிள்ளை அதில் விழுந்து கை முறிந்திருந்தது. யோசித்துச் சொன்ன புத்திதான்.

மண் சரிந்த மறுநாள் தோட்டத்து நலன்புரி அதிகாரி பிள்ளைக்காம்பராவுக்கு விசாரிக்க வந்தார். "பூட்டச் சொன்னியா?" என்று கேட்டார். "பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கன்னு சொன்னேங்க" என்றாள் வேலாயி. காம்பராவை மூடியதற்கே எழுத்து அனுமதி இல்லை. வீடு போன சர்மிளா அங்கேதான் தரையில் கிடந்தாள். அவள் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்ததையும், திரும்பப் படுத்துக்கொண்டதையும் வேலாயி கண்டாள்.

இந்த வருஷம் கிஷாந்த் அதைப் படமாக எடுத்தான். மேல் லயத்துப் பையன், கொழும்பில் வீடியோ வேலை. வெளியே அனுப்பும் முன் தோட்டத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக்காம்பராவின் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டுச் சுவரில் படம் காட்டினான். தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் சிவதர்சினி டீச்சரைப் பேச்சை நடத்தித் தரக் கேட்டிருந்தான். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. முப்பது பேர் வந்தார்கள். சர்மிளாவும் வந்து கதவோரம் நின்றாள். யார் அவளைக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

படம் இருபத்திரண்டு நிமிஷம். கைகள் கதவைப் பூட்டுவதில் தொடங்கியது. பிறகு மழை, மலை, மண். கடைசியில் பிள்ளைக்காம்பரா ஆயா ஒருத்தி வெறுங்கையால் மண்ணைத் தோண்டித் தோண்டி அழுதாள்.

அன்று அந்த நேரத்தில் வேலாயி கிளினிக் வாங்குப் பலகையில் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள்.

"எந்தப் பாத்திரம் உங்கட மனசில நிக்குது?" என்று டீச்சர் கேட்டார். "பயப்பிடாமச் சொல்லுங்கோ."

"அந்தக் கொழுந்தெடுக்கிற புள்ளைதான் டீச்சர்," என்றாள் மீனம்மா. "அந்த நகத்தோட எடுத்தா மூணு கிலோ தேறாது. மலை பாக்கிற கண்டாக்கு ஐயா வீட்டுக்கு வெரட்டிருவாரு."

சிரிப்பு அடங்க நேரமானது.

"கூடை வேற போட்டிருக்கா. இப்ப யாருடா கூடை போடுறா? சாக்குதானே," என்றாள் மீனம்மா மறுபடியும்.

"கூடைதான் பெரியம்மா படத்துல நல்லா இருக்கும்," என்றான் கிஷாந்த்.

"நல்லா இருக்கும். நீ தூக்கிப் பாரு."

டீச்சர் கையைத் தட்டி அமர்த்தினார். "அந்தத் தாய் ஏன் கதவைப் பூட்டினவ? படத்தில அதுக்குக் காரணம் தெரியுதோ?"

"அவளுக்கு அன்னைக்குப் பேரு போட்டு சம்பளம் கெடச்சாப் போதும், புள்ள எக்கேடும் கெடட்டும்," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "நல்லாத்தான் எடுத்திருக்கே தம்பி. மொகத்துலயே தெரியுது, அவசரக்காரின்னு."

"ஆயாதான் நெசமான தாய்," என்றாள் இன்னொருத்தி. "நம்ம வேலாயிக்காவ அப்படியே காட்டிட்டான்."

பல தலைகள் வேலாயிப் பக்கம் திரும்பின. கதவோரம் யாரும் திரும்பவில்லை. வேலாயி திரும்பினாள். சர்மிளா படம் ஓடிய வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு போகும் பிள்ளைகளிடம் அந்த முகத்தை வேலாயி பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகளைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கிஷாந்து," என்றாள். "கதைய நீ எங்க தொடங்கியிருக்க?"

"பூட்டுறதுல, பெரியம்மா. அதான் பவரான தொடக்கம்."

"அதுல தொடங்கினா அவதான் குத்தவாளி. முதல் நாள் சாயந்தரத்துல தொடங்கு. அதே எடத்துல, இந்தா இந்தப் படியில. நான் நாளைக்கு வரமாட்டேன்னு சொல்றேன். உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போன்னு நான்தான் சொல்றேன். அவ பூட்டுறா. இப்ப சொல்லு, அவ எப்படிப்பட்டவ?"

டீச்சர் மெதுவாக, "அம்மா, இது நடந்ததோ?" என்று கேட்டார்.

"நடந்தது. விசாரிக்க வந்த ஐயா கேட்டப்ப இல்லைன்ன மாதிரி சொன்னேன். மண்ணும் தோண்டல. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க."

கிஷாந்தின் கை போனைத் தேடியது. "பெரியம்மா, இது பெரிய சீன். நீங்களே நடிக்கிறீங்களா?"

"நாயே, வை அதை," என்றாள் மீனம்மா.

"இன்னொண்ணும் போடு," என்றாள் வேலாயி. "அந்த மேடு வெடிச்சிருக்கு, லயத்தை மாத்தணும்னு அதுக்கு முந்தின வருஷமே அளந்து பாத்தவங்க ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாங்க. அது எங்க உன் படத்துல?"

"யோசிச்சேன். ஆனா கடுதாசிக்கு மொகம் இல்லையே பெரியம்மா. பாக்கிறவங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

"வேணும்னா என்னைய வச்சுக்க," என்றாள் வேலாயி.

அப்படியே வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பதினேழு பிள்ளைகளில் நான்கு வந்தன. செவ்வாயில் இரண்டு. 'பிள்ளைய விழுங்கினவ' என்று ஒரு புதுப்பெயர் கீழ் லயத்திலிருந்து ஏறி வந்தது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அதே பெண்கள், அதே குரலில், சர்மிளாவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை மாற்றாமல் வேலாயியைப் பற்றிச் சொன்னார்கள். தேத்தண்ணி நேரத்தில் சர்மிளாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்களாம். அந்த மேட்டைப் பற்றி இப்போதும் யாரும் பேசவில்லை. புதன்கிழமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம்.

வேலாயி பால்மா டின்களை எண்ணி எழுதி, பிள்ளைகளின் நிறைப் புத்தகத்தோடு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செய்தது சரியா என்று அவள் யோசிக்கவில்லை. இரண்டு வருஷம் பிந்திக் கொடுத்த மருந்து அது. வேலை செய்தாலும் பிந்தியதுதான்.

ஐந்து மணிக்குச் சர்மிளா வந்தாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கு ஈரம் சொட்டியது. உள்ளே வரவில்லை.

"ஏன்க்கா ரெண்டு வருஷம் சொல்லல?"

"வேலை போயிருமுன்னு."

"அவ்வளவுதானா?"

வேலாயி வேறு ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "அவ்வளவுதான்."

சர்மிளா தலையை ஆட்டினாள். "கிஷாந்து வந்தான். அந்த சாயந்தரத்தையும் சேத்து எடுக்கப் போறானாம். நீங்க ராத்திரியெல்லாம் தூங்காம அழுற மாதிரி ஒரு சீன் வைக்கிறேன்னான்."

"நான் அழல."

"தெரியும். அதான் வந்தேன். அழுற மாதிரி எடுக்க வேணாம்னு சொல்லுங்க. வேலை போயிருமுன்னுதான் சொல்லலன்னு, இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே போடச் சொல்லுங்க. நீங்க அழுதா அவளுக உங்கள மன்னிச்சிருவாளுக."

அவள் படி இறங்கிப் போனாள். வேலாயி போனை எடுத்துக் கிஷாந்தைக் கூப்பிட்டு, அவள் சொன்னதைச் சொன்னாள்.