கட்டை மூலை

செஞ்சியை ஒட்டிய பால்வாடி ஒன்றில் சுமலதா டீச்சருக்கு இது பதினோராவது வருஷம். வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் இருக்காது. மதியம் தூக்குச் சட்டியோடு வாசலில் வந்து நிற்கும் புருஷன் தங்கராஜை, "கட்டைல போறவனே, இன்னா இவ்ளோ லேட்டு?" என்றுதான் வரவேற்பாள். அவர்கள் வீட்டில் கொஞ்சல் என்பதே அதுதான்.

புரட்டாசியில் ஒரு நாளும் அப்படித்தான் சொன்னாள். அவன் திரும்பிப் போகும்போது திண்டிவனம் ரோட்டில் லாரி மோதியது. மறுநாள் அவனைக் கட்டையில் வைத்தார்கள்.

சுமலதா அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் வேலைக்கு வந்தாள். சத்துமாவு கிண்டினாள், பிள்ளைகளை எடை பார்த்தாள், பசித்தால் சாப்பிட்டாள். தன் வாய்தான் அவனைக் கொண்டுபோனது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கார்த்திகையில் ஆபீஸிலிருந்து ஒரு பெட்டி மரக்கட்டைகள் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் விளையாட்டு மூலை அமைத்து, பெயர் எழுதி ஒட்ட வேண்டும். கதவுக்கு எதிரே வைத்தால் போகிறவர் வருகிறவர் கால் பட்டுச் சரியும் என்று ஜன்னலோரம் பாய் விரித்தாள். பிள்ளைகள் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கட்டும் என்று அலமாரித் தட்டில் ஒவ்வொன்றையும் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். பெயர் அட்டை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. 'கட்டை' என்ற வார்த்தையை எழுதவும் வரவில்லை, சொல்லவும் வரவில்லை. "அத எடு, இத வை" என்றே இரண்டு நாள் ஓட்டினாள்.

வியாழக்கிழமை, நாலு வயது அனு ஜன்னலில் தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். மதில் சரிந்தது.

"கட்டைல போறவனே!" என்றாள் கோட்டையைப் பார்த்து.

சுமலதா அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அப்டிலாம் சொல்லக் கூடாது."

"நீ மாமாவ சொல்லுவல்ல? மாமா சிரிப்பாரு."

"மாமா கடைசியா வந்தப்ப உனக்குக் கொய்யாப்பழம் குடுத்தாரே, அன்னிக்குமா சிரிச்சாரு?" என்றாள் சுமலதா.

"ஆமா. உனக்கு டாட்டா காட்னாரு. நீதான் திரும்பவே இல்ல."

அன்று அடுப்பில் மாவு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் திரும்பவில்லை. இதை அனுவிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான் அழுகை வந்தது. அனு பயந்துபோய் ஒரு கட்டையை நீட்டினாள்.

சாயங்காலம் சுமலதா அட்டையில் 'கட்டை மூலை' என்று எழுதி ஒட்டினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. மாற்றி எழுதவில்லை.