எல்லாக் கேள்விக்கும் இல்லை

காலர்க்காரி என்றுதான் எங்கள் தையல் வரிசையில் அவளைக் கூப்பிடுவோம். சட்டைக் காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்து மெஷினில் நான் கஃப் தைப்பேன். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "அக்கா, மெஷினுக்கு எண்ணெய் போடுங்க, உங்களவிட அதிகமா முனகுது" என்றாள். வாயாடி. அன்றைக்கு எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் அவள் இல்லாமல் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா, மூணு மாசம் ஆகட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கம்பெனி எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தது. எங்கள் சூப்பர்வைசருக்கு வரிசை பத்து நிமிஷம் நின்றால் உயிர் போய்விடும். படிவங்களை மெஷின் மெஷினாகப் போட்டுக்கொண்டே போனார். "படிச்சுக்கிட்டு உக்காராதீங்க. எல்லாக் கேள்விக்கும் இல்லைன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க." கர்ப்பமாக இருக்கிறீர்களா? இல்லை. அவள் டிக் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழாம் மாதம் ரத்தம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருக்கிறது, ரத்த வங்கியும் குழந்தைக்குத் தனிப் பிரிவும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டை இருக்கிற தைரியத்தில் அங்கே போனாள். ஸ்கேன் தேதியையும் படிவத்தின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காப்பீடு செல்லாது என்றார்கள்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். "ஆமான்னு போட்டிருந்தாலும் உங்க பாலிசில பிரசவம் கவர் ஆகியிருக்கும்மா. மறைச்சதுதான் பிரச்சனை" என்றார் அதிகாரி. அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவருக்கே மனசு கேட்கவில்லை. "சூப்பர்வைசர் சொல்லித்தான் எல்லாரும் அப்படிப் போட்டீங்கன்னு கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேர் எழுதிக் கொடுக்கட்டும். மேல பேசிப் பாக்கறேன்" என்றார்.

இரண்டே கையெழுத்து. எங்கள் வரிசையில் முப்பது பேர். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்றாள். ஒருத்திக்கு ஆஸ்துமா, ஒருத்திக்குத் தைராய்டு, எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. எல்லாரும் 'இல்லை' போட்டவர்கள்தான். எழுதிக் கொடுத்தால் எல்லார் படிவத்தையும் கிளறுவார்கள், நம் அட்டையும் போய்விடும் என்று சாப்பாட்டு நேரத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சை ஆரம்பித்தவள் வேறு யாருமில்லை, நான்தான்.

கடைசியாக என்னிடம் வந்தாள். "சூப்பர்வைசரைப் பகைச்சுக்க முடியாதுடி" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொது ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தது. ரத்தம் வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. ஒரு நாள்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். காலர்கள் பழையபடி நேராகத்தான் வந்தன. பேச்சுதான் நின்றுவிட்டது. எனக்கு அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மாத்திரை போட்டீங்களாக்கா?" என்றாள்.

சர்க்கரை விஷயத்தை இங்கே ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. கழிவறைக்குள் போய்த்தான் மாத்திரை போடுவேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்க்கா" என்றாள். "அதான் உங்ககிட்ட ரெண்டாவது தடவை கேக்கல."