சம்பந்தியம்மா முந்தானையை மிசின் இழுத்தது

எனக்கு வயசு எழுபத்தெட்டு. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கிப்போட்டேன். ரண்டாங்கிளாசோட படிப்பு முடிஞ்சாலும் இதை நானேதான் எழுதறேன், கொஞ்சம் மெதுவா.

தொண்ணூறுகள்ல கடைசி மக அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. ஸ்கேன்ல குழந்தை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சினைப்பையில கொய்யாக்காயாட்டம் ஒரு கட்டி. நீர்க்கட்டியா, பொல்லாத கட்டியான்னு அதுல தெரியலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பொல்லாததுன்னா இப்பவே வயித்தைத் திறக்கோணும், குழந்தை தங்கறது சந்தேகம். எம்.ஆர்.ஐ. எடுத்தா வெளங்குமாம். காந்தத்துல புடிக்கற படம்.

பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து மகளோட நானும் அவ மாமியாரும் கோயமுத்தூர் போனோம். தோடு, மெட்டி, தாலி எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. தாலிக்குப் பதிலா மஞ்சக்கிழங்கைக் கயித்துல கட்டிவிட்டோம். சம்பந்தியம்மாவுக்கு அப்பவும் மனசு ஆறலை. மாசமா இருக்கறவளை இரும்பு இல்லாம வெளிய அனுப்பினா காத்துக்கருப்பு அண்டுமாம். வூட்ல இருந்தே பெரிய ஆணி ஒண்ணை முந்தானையில முடிஞ்சு வந்திருக்காங்க. எனக்கே தெரியாது.

மக துணி மாத்திட்டு இருந்தா. நர்ஸ் அந்தப்பக்கம் திரும்பின நேரம், ஆணியைப் படுக்கை மெத்தைக்கடியில வைக்கலாம்னு சம்பந்தியம்மா மிசின் ரூமுக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. முந்தானை தானா எந்திரிச்சு, மிசினைப் பாத்து வெறைப்பா நின்னுச்சு.

"ஏனுங் சம்பந்தி, எதுக்குங்க சேலையை இழுக்கறீங்க?"

"நான் வாசல்ல நிக்கறேனுங்க! மிசின்தானுங்க இழுக்குது!"

படம் எடுக்கற தம்பி ஓடிவந்து, அசையாதீங்கன்னு கத்தி, ஆணியைப் பிரிச்செடுக்கறதுக்குள்ள முந்தானையைக் கிழிச்சுக்கிட்டு அது மிசின்ல போய் ஒட்டிக்கிச்சு.

"இரும்பு எதுவும் ஆகாதுன்னு சொன்னமில்லீங்களா?"

"மருமககிட்டச் சொன்னீங்க தம்பி. எங்கிட்டச் சொன்னீங்களா?"

ஆணியை மிசின்ல இருந்து புடுங்கியெடுத்தப்பறம் மக உள்ளே போனா. கதவுக்கு அந்தப்பக்கம் டமடமன்னு தகரத்தைத் தட்டறாப்ல சத்தம். சம்பந்தியம்மா எங்கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. எங்கிட்டச் சண்டை போடாம அவங்க உக்காந்திருந்தது அன்னிக்குத்தான்.

வெறும் நீர்க்கட்டிதானாம். கத்தி வேண்டாம், பிரசவத்துக்கப்பறம் பாத்துக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குக் காலே தரையில நிக்கலை.

"பாத்தீங்களா, ஆணி காப்பாத்திருச்சுங்க"ன்னாங்க சம்பந்தியம்மா.

"அதைத்தான் மிசின் புடுங்கிக்கிச்சுங்களே!"

"எதுனா பொல்லாதது இருந்திருந்தாலும் ஆணியோட போயிருக்குமுங்க."

அன்னிக்கு அவங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்.

அந்த வயித்துல இருந்தவதான் இப்பப் பக்கத்துல உக்காந்திருக்கறா. இந்தா கண்ணு, எழுதினதை ஒருக்கா படிச்சுக்காட்டு. சத்தமாப் படி, உங்க அப்பத்தாளுக்கும் கேக்கட்டும்.