மூன்று நிபுணர்களும் மதகக்காவும்

"இத நீங்க பிடிங்க சார். அத அந்தம்மாகிட்ட குடுங்க." கழிமுக மதகின் மேல் நின்றுகொண்டு கருவிகளைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார் மதகக்கா. மீன் ஆய்வாளர் கைக்கு, தண்ணீரின் உப்பை அளக்கும் உப்புமானி போகிறது. மண் ஆய்வாளர் அம்மாவின் கைக்கு மீன்குஞ்சு வலை. பொறியாளருக்கு மதகுக் கதவை ஏற்றி இறக்கும் இரும்புக் கைப்பிடி. "படிச்சவங்க அவங்கவங்க சாமானத்த மட்டுந்தான் பாப்பாங்க. மாத்திக் குடுத்தாத்தான் கண்ணு தெறக்கும்."

மதகைத் திறந்து மூடுவது மதகக்காவின் வேலை. அவரைவிடப் பத்து வயது மூத்த பொறியாளருக்கும் அவர் அக்காதான். கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, பையில் மசகு டப்பா, காதோரம் சாக்பீஸ். அலை ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் மதகுத் தூணில்தான் எழுதுவார். திருகு இறுகிக்கொண்டால், "என்ன வீம்பு உனக்கு?" என்று அதோடு சண்டைக்கும் போவார்.

இன்றைய அலையேற்றத்தில் கடலிலிருந்து மீன்குஞ்சுகள் வருகின்றன. உள்ளே விடாவிட்டால் இந்த வருடம் ஆற்றில் மீன் இல்லை. அதிக நேரம் விட்டால் உப்பு வாய்க்காலில் ஏறிப் பயிரைக் கருக்கிவிடும். முதல் வயல் அக்காவுடையது. போன வாரம்தான் விதைத்தார்கள். காலையில் தொலைபேசியில் மூன்று உத்தரவுகள்: மீன் ஆய்வாளர், அக்கா வாயில் மீன்காரர், "ரெண்டு மணி நேரம்", மண்ணம்மா "தெறக்கவே கூடாது", பொறியாளர் "எழுத்துல குடுங்க". அக்கா மூவரையும் நேரில் வரவழைத்துவிட்டார்.

கால்வாசி திறந்ததும் மண்ணம்மா வலையைத் தூக்கினார். கண்ணாடி நூல் போல ஆயிரம் உயிர் துடித்தது. "ஐயோ, இத்தனையா! இன்னும் கொஞ்சம் தெறங்க!" மீன்காரரோ உப்புமானியில் ஏறும் எண்ணைப் பார்த்து வெலவெலத்துப் போனார். "போதும், மூடுங்க!" நடுவில் பொறியாளர், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்கிற கணக்காய், கைப்பிடியை இப்படியும் அப்படியும் சுற்றி வியர்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை வயல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நாற்பதாவது நிமிடத்தில் மூவரும் ஒரே குரலில் "மூடலாம்" என்றார்கள். குஞ்சுகளில் பாதி உள்ளே வந்திருந்தது.

மதகு மூடியதும் தொலைபேசி அடித்தது. கணவர். "என்னம்மா, நம்ம பயிரு பிழைக்குமா?"

உப்பை அளந்தவர் அவர்தானே என்று, அக்கா தொலைபேசியை மீன்காரரின் காதில் வைத்து, அவர் வாய் திறக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.