மண்டபக் கமிட்டியைக் கேட்டு ஓடும் ரன்டைம்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அகரத்துக் கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு வெப்சைட் வேண்டும் என்று தெரிந்ததும் அப்பாவே கமிட்டியிடம் போய் எனக்காகப் பேசிவிட்டு வந்தார். எனக்கு அதுதான் முதல் வேலை. நான் காட்டும் மாதிரி பிடிக்காவிட்டால் வேலை மதுரைக் கம்பெனிக்குப் போய்விடும்.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட வைக்கும் மென்பொருளுக்கு ரன்டைம் என்று பெயர். ஊரே பயன்படுத்துவதை விட்டுவிட்டு நான் புதிதாக வந்த ஒன்றைப் பிடித்தேன். மாதம் நான்கு கல்யாணம் நடக்கும் மண்டபத்துக்கு எதற்கு அவ்வளவு வேகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே கட்டளையில் புராஜெக்ட் தயார். அதன் வேகத்தைப் பற்றிக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன்.

கமிட்டி முன் லேப்டாப்பைத் திறந்து மாதிரியை ஓடவிட்டேன். அந்த ரன்டைம் எதைத் தொடுவதானாலும் முதலில் அனுமதி கேட்கும். முன்பதிவு ஃபைலைப் படிக்கட்டுமா என்று கேட்டது. சம்மதம் என்று தட்டினேன்.

"என்னலே கேக்குது?" என்றார் தலைவர்.

"ஃபைலைப் படிக்க அனுமதி கேக்குதுங்கய்யா."

"மண்டபத்து ஃபைலுக்கு நீ யாருலே அனுமதி குடுக்க?"

அடுத்து, நெட்வொர்க்கைத் திறக்கட்டுமா என்று கேட்டது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"வெளித்தொடர்பு எல்லாம் செயலாளர் பொறுப்பு" என்றார் செயலாளர்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன், பந்தியில எல எண்ணவா?" என்றார் கொய்யா வியாபாரியான பொருளாளர். "மைக் செட்ட மாத்துனப்பவும் இப்படித்தான், என்னய ஒரு வார்த்த கேக்கல."

சண்டை முடியும்வரை திரை அசையாமல் காத்திருந்தது. தலைவர் சொக்கிப்போனார். "எம்புட்டு மரியாதையா நிக்குது பாருங்கப்பா! மதுரக்காரன் செய்யுறது இப்படிக் கேக்குமாலே?"

"கேக்காதுங்கய்யா."

கடைசியில் செயலாளர் சம்மதத்துக்கான எழுத்தைத் தட்ட, பொருளாளர் எண்டரை அழுத்தினார். பக்கம் திறந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வேகத்தைப் பற்றி வாயெடுத்தேன். "அவசரம் என்ன அப்பு? வேல ஒனக்குத்தான்" என்றார் தலைவர்.

தொடங்கும்போதே எல்லா அனுமதியும் கொடுத்துவிட வழி உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். கமிட்டி ஒருமனதாக நிராகரித்தது. அவர்கள் ஒருமனதாக முடிவெடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சர்வர் இப்போது மண்டப ஆபீசிலேயே இருக்கிறது. போன வாரம் கரண்ட் போய் வந்தது. சைட் எழவில்லை; மறுபடி முதலிலிருந்து அனுமதி கேட்டு நின்றது. பொருளாளருக்குப் போன் போட்டேன்.

"ஆயக்குடியில லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன் அப்பு. சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் எவனும் எண்டரைத் தொடக் கூடாது."